டாக்டரம்மா கன்னடத்தில் சொன்னது

எங்கள் வீட்டுப் பெண்களுக்கு முடி நன்றாக வளரும், சார். என் மனைவி நஞ்சம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும். மகள் சுவேதாவுக்கும் அப்படித்தான். பெண் பார்க்க வந்தபோது சம்பந்தியம்மாள் முதலில் சொன்னதே அதைத்தான்.

நான் திம்மராயன். ஊர் உத்தனப்பள்ளி. ஓசூரில் மூலிகைச் சாறு எடுக்கும் கம்பெனியில் மூட்டை இறக்குகிறேன்.

நிச்சயதார்த்தம் முடிந்த வாரம்தான் நஞ்சம்மா மார்பில் கட்டி இருப்பதைச் சொன்னாள். நானும் தள்ளிப்போடவில்லை, உடனே பெங்களூருக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா கன்னடத்தில் சொன்னார். புற்றுநோய், ஆரம்பம்தான். மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கி, பிறகு ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்வாள். முடி கொட்டும், திரும்ப வளரும். அந்த மருந்தே ஒரு மரப்பட்டையில் கண்டுபிடித்ததுதான், பயப்பட வேண்டாம் என்றார். நஞ்சம்மா சிங்காரப்பேட்டைக்காரி. கன்னடம் வராது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாய்யா சொல்றாங்க?"

"செடி மருந்துலயே கரைஞ்சிடுமாம் மே. நம்ம கம்பெனியில இருக்கற செடிதான்."

அதில் பாதி உண்மை, சார்.

மாப்பிள்ளை விமல்ராஜுக்குக் கார் கம்பெனியில் நிரந்தர வேலை. என் அப்பன் கல் உடைத்தார். நான் மூட்டை தூக்குகிறேன். எங்கள் தெருவில் அப்படி ஓர் இடம் யாருக்கும் அமைந்ததில்லை. தாய்க்கு மார்பில் புற்று என்றால் மகளுக்கும் வரும் என்பார்கள். மொட்டைத் தலையோடு தாய் மணமேடையில் நின்றால் எதைச் சொல்லி மறைப்பது?

கம்பெனியிலிருந்து நித்தியகல்யாணி இலை கொண்டுவந்து காய்ச்சிக் கொடுத்தேன். அந்த இலையிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள் என்பது நிஜம். ஆனால் லாரி லாரியாக இலை போட்டு, ஏதேதோ திரவத்தில் பிரித்து, கடைசியில் ஒரு சிட்டிகைத் தூள் வரும். வீட்டு அடுப்பில் வருவது மருந்து இல்லை, விஷத்தண்ணீர். அது எனக்குத் தெரியும். அந்த மூட்டையை இறக்குகிறவன் நான்.

குடித்ததும் வாந்தி எடுத்தாள். கன்னம் ஒட்டிப்போனது. கல்யாணத்தில் நாலு பேர் கேட்பார்களே என்று இலையை நிறுத்திவிட்டு, முருங்கைக்கீரையைக் காய்ச்சினேன். கசப்புக்குக் கொஞ்சம் வேப்பிலை. அவளிடம் சொல்லவில்லை.

"யோவ், இப்பக் குமட்டவே இல்லியே?"

"ஒடம்பு ஏத்துக்கிச்சு மே."

"நீ டாக்டராயிட்ட, போ. கழுத்துல மாட்டற கொழாய் ஒண்ணுதான் பாக்கி."

சிரித்துக்கொண்டே டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்க மாட்டாள்.

தையில் கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. அதன்பிறகு ஒருநாள், "பெருசாயிக்கினே போவுது. பெங்களூருக்கு ஒரு நட போய்க் காட்டலாமாய்யா?" என்றாள். தலைத்தீபாவளி முடியட்டும் என்றேன். மாப்பிள்ளை விருந்துக்கு வரும்போது மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தால் நன்றாகவா இருக்கும்? தீபாவளிக்கு அவளேதான் கறிக்குழம்பு வைத்தாள். இடது கையைத் தூக்க முடியாமல் ஒரே கையால் பரிமாறினாள். மாப்பிள்ளை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

கார்த்திகையில் படுத்துவிட்டாள். சுவேதாதான் பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அவளுக்குக் கன்னடம் நன்றாக வரும். அதே டாக்டரம்மா, முன்பு என்னிடம் சொன்னதையெல்லாம் அவளிடம் சொல்லியிருக்கிறார். அங்கேயே நஞ்சம்மா செத்துப்போனாள். சுவேதா நேராக உங்களிடம் வந்து புகார் கொடுத்தாள்.

தெரிந்தே செய்தாயா என்று கேட்கிறீர்கள். ஆமாம், சார். வைத்தியம் பார்த்தால் பிழைப்பாள் என்று தெரியும். டம்ளரில் இருப்பது கீரைத்தண்ணீர் என்றும் தெரியும். நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். யாருக்காக என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தக் கல்யாணத்துக்காகத்தானே அம்மா செத்தாள் என்று சுவேதா மாப்பிள்ளையோடும் சண்டை போட்டு, பெட்டியோடு புருஷன் வீட்டைவிட்டு வந்துவிட்டாள். அவளும் மார்பைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னாராம். நாளைக்கே போகிறாளாம். நான் சொன்னால் கேட்கமாட்டாள். நீங்கள் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள், சார். மாப்பிள்ளை சமாதானமாகி வந்து கூட்டிப்போகிற வரைக்கும் ஆஸ்பத்திரிப் பக்கம் போக வேண்டாம்.