எபினேசர் கடைசியாகச் சொன்னது

ஓடுகிறேன். இரும்புப் படிகள். ஒரு காலில் மட்டும் செருப்பு. செங்கடல். செவ்வாய்க்கிழமை காலை, ஒன்பது நாற்பது. வானத்தில் பழைய ஸ்கூட்டர் ஓடுவது போன்ற சத்தம். ட்ரோன். முதலாவது பத்து நிமிடம் முன்பே பின்தளத்தில் வெடித்துவிட்டது. இது இரண்டாவது.

"படகுக்கு ஓடுங்க! படகுக்கு!" கேப்டனின் குரல்.

நான் அந்தச் சரக்குக் கப்பலின் எலக்ட்ரீஷியன். ஊர் படூர். எனக்குப் பக்கத்தில் ஓடியவர் சமையல்காரர் எபினேசர், கோவளத்துக்காரர். சமையலறை வாசலில் நின்றுவிட்டார்.

"எண்ண காயுது. கவுந்தா மொத்தக் கப்பலும் எரியும். அணைச்சிட்டு வரேன். நீ நிக்காத, ஓடு!"

உள்ளே போனார். நான் ஓடினேன். ஆறு படி. பிறகு பின்னால் ஒரு வெடிச் சத்தம். பெரிய இரும்புக் கதவை யாரோ அறைந்து சாத்தியது போல. நான் திரும்பிப் பார்க்கவில்லை. படகு இறங்கும்வரை தீ எங்கள் பக்கம் வரவில்லை. மாலையில் கப்பல் மூழ்கியது. அவர் உடல் கிடைக்கவில்லை.

நானும் எபினேசரும் ஒரே சபை; அங்கே ஒரு வழக்கம். இறந்தவர் கடைசியாகச் சொன்னதைப் போதகர் கேட்பார். நினைவு அட்டையில் அச்சடிப்போம். பெரும்பாலும் ஆண்டவர் பெயர் இருக்கும். இருக்கிறவர்கள் அதைப் பிடித்துக்கொள்வோம், பரலோகத்தில் சந்திப்போம் என்று.

அவர் மனைவி மெர்சி என்னிடம் கேட்டாள். எண்ணெய்ச் சட்டியைப் பற்றி எப்படிச் சொல்வேன்? புதைக்க உடல்கூட இல்லை. பொய் சொன்னேன். "'இயேசுவே, என்னை உம்மிடம் சேர்த்துக்கொள்ளும்' என்றார்." அட்டை அச்சானது. பெட்டியில் அவருடைய சட்டை ஒன்றை வைத்துப் புதைத்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து மெர்சி பஸ் ஏறி படூருக்கு வந்தாள். கையில் அந்த அட்டை.

"அண்ணாத்த, இது அவரு பேச்சே இல்ல. பதினெட்டு வருசம் குடும்பம் நடத்துனவ நானு. 'உம்மிடம்'லாம் அவரு வாயில வராது. ஜெபத்துலயே ஆண்டவர 'நைனா'ன்னுதான் கூப்புடுவாரு. நெசமா இன்னா சொன்னாரு?"

சொன்னேன். முழுவதும். நான் திரும்பிப் பார்க்காததையும்.

"அணைச்சாரா?"

"தெரியலம்மா."

மெர்சி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அழுதுகொண்டே சிரித்தாள்.

"அணைச்சிருப்பாரு. வூட்லயும் அப்படித்தான். ஜெபத்துல உக்காந்துகினு இருப்பாரு, பாதியில எழுந்து அடுப்பாண்ட போவாரு. 'நைனா, கொஞ்சம் இரு, வந்துர்றேன்'னு சொல்லிட்டு."

அட்டையை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

இப்போது நான் வீட்டில் இருக்கிறேன். தெருவில் ஸ்கூட்டர் போனால் சுவரோரம் ஒதுங்குகிறேன். மகள் கல்லூரிக்குப் படியிறங்கும்போது கூப்பிடுகிறேன்.

"இன்னாப்பா?"

ஒன்றுமில்லை. அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தையைச் சாயங்காலம்வரை மனதில் வைத்திருக்கிறேன். மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

நித்தியம் உண்டு என்று விசுவாசிக்கிறேன். அங்கே எபினேசர் இருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டிய நாளை நினைத்தால்தான் பயம்.

இழந்தவை: கப்பல் ஒன்று. அவர் தலையணைக்கடியில் வைத்திருந்த வேதாகமம். மெர்சி பின்னிக் கொடுத்த தொப்பி. எபினேசர், வயது நாற்பத்தேழு.

ஏறியவர்கள் இருபத்தொரு பேர். இறங்கியவர்கள் இருபது. அவர்களில் ஒருவன் திரும்பிப் பார்க்கவில்லை.