நேவியோவின் எஞ்சின் ஏன் சீஸ் ஆனது

விளக்கெண்ணெய்ப் புகை ஏறிய துணி இரண்டு அலசலில் வெளுக்காது, ஐயா. கல்யாணமான நாளிலிருந்து என் புருஷன் நேவியோவின் பந்தயச் சட்டைகளைத் துவைத்தவள் நான். அந்த வேலையில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

எங்கள் ரொமாஞா வட்டாரத்தில் ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் இந்த மோட்டார் சைக்கிள் பைத்தியம் உண்டு. என் தம்பி இவோவும் நேவியோவும் சேர்ந்தே ஓட்டினார்கள். போன வசந்தத்தில், கடலோரத் தெருப் பந்தயத்தில், இவோ ஓரத்தில் தடுப்பாக அடுக்கிய வைக்கோல் கட்டைத் தாண்டி விளக்குக் கம்பத்தில் மோதிச் செத்தான். அவன் சவப்பெட்டியைத் தூக்கிய கையோடு நேவியோ மறு ஞாயிறே பந்தயத்துக்குக் கிளம்பினார். காலைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"அவன் தலையெழுத்து வேற, எந் தலையெழுத்து வேறடி," என்று காலை உதறிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தேன். பந்தய டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு விளக்கெண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுவார்கள். அந்த எண்ணெய்தான் அதற்கு உயிர். நேவியோவின் சிநேகிதன் காஸ்தோனே அதைக் கலந்து எங்கள் கொட்டகையில் வைத்துவிட்டுப் போவான். நான் கேனில் பாதியைக் கொட்டிவிட்டு வெறும் பெட்ரோலை நிரப்பினேன். அவ்வளவுதான். எஞ்சின் ஓடும், சூடேறும், பிஸ்டன் இறுகிச் சிக்கிக்கொள்ளும், அதைத்தான் சீஸ் ஆவது என்பார்கள், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். நேவியோவின் இரண்டு விரல்கள் எப்போதும் கிளட்ச்சின் மேலேயே இருக்கும். சட்டென்று அழுத்திச் சக்கரத்தை எஞ்சினிலிருந்து விடுவித்து ஓரங்கட்டிவிடுவார். ஒரு கீறல் விழுந்ததில்லை. வெறுத்துப்போய் விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் விடவில்லை. பிஸ்டனை மாற்றினார், கார்புரேட்டரை மாற்றினார். சோறு தண்ணி இறங்கவில்லை. கடைசியில் எஞ்சினைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு பொலோஞாவுக்கு, தெர்விஸிடம் போனார். பந்தய எஞ்சின்களுக்கு வைத்தியம் பார்ப்பதுதான் தெர்விஸின் தொழில். நானும் கூடப் போனேன்.

"கையெடுத்துக் கும்பிடுறேன் அண்ணே. இது சரியாகலேன்னா நான் செத்த பொணம்," என்று நேவியோ அழுதார். இவோவுக்குக்கூட அவர் அழவில்லை.

தெர்விஸ் உள்ளே காற்றடைத்து, சோப்பு நுரை தடவிக் கசிவு தேடினார். இல்லை. தீப்பொறி விழும் நேரத்தைச் சோதித்தார். சரியாக இருந்தது. பிஸ்டனைச் சுற்றியிருந்த கீறல்களை நகத்தால் வருடினார். பேரிங்கை விரலால் தேய்த்து மோந்து பார்த்தார்.

"எஞ்சின் மேல குத்தமில்லப்பா. கோடைக் கெணறு மாதிரி வறண்டு கெடக்கு உள்ள. எண்ணெ யாரு கலக்குறது?"

"காஸ்தோனே."

"ஒண்ணு, அவனுக்கு அளக்கத் தெரியல. இல்லேன்னா, உனக்கே குழி அளந்துட்டான்."

நேவியோ என்னைப் பார்த்தார். "எனக்கென்னங்க தெரியும்," என்றேன்.

ஊர் திரும்பியதும் காஸ்தோனேயை வாசலில் நிறுத்தி அறைந்தார். "ஒரே தட்டுல தின்னோமேடா, ஒரே தட்டுல தின்னோமேடா," என்று அவன் புலம்பிக்கொண்டே போனான். நான் உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

தெர்விஸ் எஞ்சினைப் புதிதாக்கிக் கொடுத்தார். "இனிமே எண்ணெய நீயே கல. கிளட்ச்சுலேர்ந்து வெரல எடுத்துட்டு நிம்மதியா ஓட்டு," என்றார். பயிற்சியில் நேவியோ அப்படித்தான் ஓட்டினார். வேலியோரம் நின்று பார்த்தேன். கை முழுதும் பிடியில் இருந்தது. முகத்தில் சிரிப்பு.

ஆமாம், பார்த்த பிறகுதான் கேனில் கை வைத்தேன். பந்தயத்தன்று காலையில், அவர் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றப் போயிருந்தபோது.

கிளட்ச்சில் விரல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியுமா என்கிறீர்கள். தெரியும். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே நேவியோதான். வேறு என்ன வழி இருந்தது, நீங்களே சொல்லுங்கள். அவரை அப்படியே ஓட்ட விட்டிருந்தால் இவோ போன வழியே போயிருப்பார். இப்போது உயிரோடு இருக்கிறார். கழுத்துக்குக் கீழே அசைவில்லை, பேச்சில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருக்கிறார்.

காஸ்தோனேயை விட்டுவிடுங்கள். எண்ணெயைக் குறைத்தது நான்தான், ஒவ்வொரு தடவையும். கையெழுத்து எங்கே போட வேண்டும்? சீக்கிரம் முடித்தால் நல்லது. மதியச் சூப்பு நான் ஊட்டினால்தான் அவருக்கு இறங்கும். நான் கிட்டே போனால் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வாயை இறுக்கிக்கொள்கிறாராம், புது நர்ஸ் சொல்கிறாள். நேற்று வந்தவள். என் புருஷனைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்.