வாயு அல்ல, நுரையீரலில் ரத்தக்கட்டி

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் ஐயா ராமச்சந்திரன் அவர்களே! சைனிக்புரியில் தமிழ் வளர்க்கும் சான்றோர்களே! அமீர்பேட்டிலிருந்து மெட்ரோவில் நெரிபட்டு வந்திருக்கும் அன்பு உள்ளங்களே! வீட்டில் அத்தனை பேருக்கும் வைத்தியம் பார்த்துவிட்டுத் தம் வலியை மட்டும் தள்ளிப்போடும் தாய்மார்களே! உங்கள் பாமாவின் பணிவான வணக்கம்.

போன பொங்கல் விழாவுக்கு நான் ஏன் வரவில்லை? பேச்சு இருந்தது, பேச மூச்சு இல்லை!

கோவையிலிருந்து நாள் முழுக்கக் காரில் பயணம் செய்து இங்கே திரும்பினோம். வழியில் இறங்கி நடக்கச் சோம்பல்பட்டு, உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்தேன். மறுநாள் இடது கெண்டைக்கால் வீங்கியது. அடுத்த நாள் மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் சுருக்கென்று ஒரு குத்தல், மேல்மூச்சு கீழ்மூச்சு! என் கணவர் சந்தானம் என்ன சொன்னார்?

"வாயு பாமா, வாயு! டாக்டரெல்லாம் நக்கோ, வேண்டவே வேண்டாம். ஓமத் தண்ணி குடி."

சிரிக்காதீர்கள்! மூன்றாம் வரிசையில் குனிந்திருக்கிறாரே, அவர்தான்!

சற்று நேரத்தில் பேச முடியாமல் நான் சைகை காட்டினேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. கல்யாணமான நாளாய் நான் வாய்மூடி அவர் பார்த்ததில்லையே! அல்வாலில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு ஓடினார்.

விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் குறைவு என்றது. இசிஜி எடுத்தார்கள், மாரடைப்பு இல்லை.

"நான்தான் சொன்னேனே, வாயுன்னு!" என்றார் இவர்.

டாக்டர் பத்மஜா விடவில்லை. "சார், இசிஜி நல்லா இருந்தாலும் நுரையீரல் ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டியிருக்கலாம். அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கு, நாடி படபடன்னு ஓடுது."

"ரத்தம் உறைஞ்சிருக்கான்னு பார்க்க டி-டைமர்னு ஒரு ரத்தப் பரிசோதனை இருக்காமே, அது போதாதா?" என்றார் இவர்.

"சந்தேகம் குறைவா இருந்தா அது உதவும் சார். அது சரியா இருந்தா நிம்மதியா வீட்டுக்கு அனுப்பிடலாம். இவங்களுக்குச் சந்தேகம் பலமா இருக்கு. நேரா சி.டி. ஆஞ்சியோ எடுத்து ரத்தக்குழாயையே பார்த்திடலாம்."

படுத்தேன். படம் தெளிவாக விழ, கை நரம்பில் மருந்து ஏறியது. உடம்பெல்லாம் வெந்நீர் பாய்ந்தது போல் ஒரு சூடு! "மூச்சை அடக்குங்க" என்றது ஒரு குரல். இருந்தால்தானே அடக்க?

படம் வந்தது. வலது நுரையீரல் ரத்தக்குழாயில் கட்டி! காலில் எடுத்த டாப்ளர் ஸ்கேனில் அதன் மிச்சம். அசையாமல் உட்கார்ந்து வந்ததில் காலில் உறைந்த ரத்தம்தான் நுரையீரலுக்கு ஏறியிருக்கிறது! ஆனால், எக்கோ நல்ல சேதி சொன்னது: இதயத்தின் வலப்பக்கம் தளரவில்லை. ரத்தம் மேலும் உறையாதிருக்க உடனே மருந்து கொடுத்தார்கள்.

கட்டிலருகே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார் என்னவர். "இனிமே நீ எவ்வளவு வேணாலும் பேசு பாமா. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்!"

கைதட்டுங்கள்! நீங்கள் அத்தனை பேரும் சாட்சி!

என் அருமைத் தாய்மார்களே! திடீரென்று மூச்சுத் திணறுகிறதா? வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லாதீர்கள். மூச்சிழுக்கையில் நெஞ்சு குத்துகிறதா? அக்கம்பக்கத்தில் யோசனை கேட்காதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறதா? விடியட்டும் என்று விடாதீர்கள். ஓடுங்கள் மருத்துவமனைக்கு! சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்! ஒன்றுமில்லை என்று வந்தால் சிரித்துக்கொண்டே திரும்புங்கள். உண்டு என்று வந்தால், என்னைப் போலவே சிகிச்சை பெற்றுத் திரும்புங்கள்!

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நெஞ்சு நிறைந்த நன்றி. நுரையீரல் நிறைந்த வணக்கம்!