எல்நினோ மருமகன்

...இல்ல தம்பி, நீ ஓட்டோவ மெதுவாவே ஓட்டு. மழையில என்ன அவசரம்? மடியில வட்டிலப்பம் வேற இரிக்கி, ஊட்டுக்காரி அவிச்சுத் தந்து அனுப்பினவ. நிந்தவூர் எங்கயும் ஓடிப் போகாது. ஓடிப் போனது என்ட மூத்த மருமகன்தான்! புவியியல் படிப்பிக்கிற மனிசன், அர்ஹம் சேர் எண்டா கல்முனைக்கே தெரியும்... கோவிச்சுக்கிட்டு உம்மா ஊட்டுல போய்க் குந்தி இரிக்கிறார்.

எதால? அதக் கேளு. ஒரு கடலால! நம்மட கடலுமில்ல, பசிபிக்காம். அங்க தண்ணி சூடாகினா எல்நினோவாம், குளிர்ந்தா லாநினாவாம். சில வருஷம் அது, சில வருஷம் இது, மாறி மாறி வருமாம். லாநினா வந்தா நம்மட வங்காள விரிகுடாவுல புயல் கூடுமாம், எல்நினோ வந்தா குறையுமாம். நான் கேட்டன், "மருமகன், அந்தக் கடல் எங்க கிடக்கு, கல்முனை எங்க கிடக்கு? அதுக்குக் காய்ச்சல் வந்தா நமக்கென்ன?" எண்டு. மனிசன் ஒரு தட்டுல தண்ணிய ஊத்தி, வாயால ஊதி ஊதிக் காட்டினார். காத்து திசை மாறுமாம், மேல்காத்து புயல எழும்ப விடாம முறிக்குமாம்... தேத்தண்ணி ஆறிப்போச்சு தம்பி, பாடம் முடியல்ல!

விடுவனா நான்? "அப்ப எழுபத்தெட்டாம் ஆண்டு நம்மட ஊரச் சுருட்டி எறிஞ்ச சூறாவளி எந்த நினோ?" எண்டு கேட்டன். திணறுவார் எண்டு பாத்தன். "அது ரெண்டுமில்லாத வருஷம் மாமா. குறையும் எண்டா வராது எண்டில்ல" எண்டார். சிரிச்சுக்கிட்டே சொன்னார். அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் புடிக்கல்ல!

ஓம், ஓம், ஒதுங்கிப் போ, பள்ளம்.

எங்க விட்டன்? ஆ, இனித்தான் கூரைக் கதை. மூத்தவள் அப்னாக்கு ஊட்ட எழுதிக் குடுத்தாச்சு. அவளும் மருமகனும் அதுலதான் இரிக்கிறாங்க, நாங்களும்தான். இளையவளுக்கு மேல ஒரு மாடி கட்டணும். உனக்குத் தெரியாததா, நம்மட பக்கத்துல ஊடு இல்லாம மாப்பிள்ள வருவானா? நவம்பர்ல கூரையக் கழட்டிட்டன். ஓம்... கழட்டிட்டன். ஏன் அப்படித் திரும்பிப் பாக்கிறாய்? முன்னுக்குப் பாத்து ஓட்டு! மருமகன்தானே சொன்னார், இந்த வருஷம் எல்நினோ, புயல் குறைவு எண்டு!

பிறகு புடிச்சுது பாரு மழை... யா அல்லாஹ்! காத்துமில்ல, புயலுமில்ல, நேரா இறங்கின மழை. கூரைக்குப் பதிலாக் கட்டின தறப்பாள் தொட்டில் மாதிரித் தொங்கி, நடுவால கிழிஞ்சு, அவ்வளவு தண்ணியும் அர்ஹம் சேர்ட அறைக்குள்ள! கட்டில், அலுமாரி, புத்தகம்... புள்ளைகள்ற விடைத்தாளெல்லாம் கஞ்சி. மனிசன் வாளிய எடுத்துத் தண்ணி அள்ளினார்.

நான் சும்மா இரிந்தனா? இரிக்க ஏலாதே எனக்கு! விடிஞ்சா, "மருமகன், இண்டைக்கு எல்நினோ சுகமா?" பள்ளிவாசல்ல, "எல்நினோ சேருக்கு இடம் விடுங்க." றஸாக் காக்காட தேத்தண்ணிக் கடையில எல்லாரும் நல்லாச் சிரிச்சாங்க. பகிடிதானே தம்பி! பகிடிக்கு ஒரு மனிசன் கோவிக்கிறதா? கடைசியில வகுப்புல கரும்பலகையில பெரிசா எழுதி வெச்சிரிந்தாங்களாம், "எல்நினோ சேர்" எண்டு. அண்டைக்குப் பின்னேரம் பேக்கத் தூக்கிக்கிட்டு வெளிக்கிட்டவர்தான்.

இண்டைக்குப் பின்னேரம் அசறுத் தொழுகைக்குப் பிறகு இளையவளப் பேசின மாப்பிள்ள ஊட்டார் நிக்காஹுக்கு நாள் வெக்க வாறாங்க. மூத்த மருமகன் எங்க எண்டு கேட்டா நான் என்னத்தச் சொல்ற? இந்த ஊட்டுல மருமகன் நிக்கமாட்டார் போல எண்டு எழும்பிப் போயிடுவாங்க. இளையவள் காலையிலிருந்து அழுறாள். அதுதான் அவரக் கூட்டிட்டுப் போக நானே வெளிக்கிட்டன் தம்பி.

ஆ? என்ன கேட்டாய்? மழையப் பத்தி மருமகன் ஒண்டும் சொல்லல்லியா எண்டா?... நீ ஓட்டோக்காரனா, நீதவானா?

சொன்னார். ஓம், சொன்னார்தான். "புயல்தான் மாமா குறையும். எல்நினோ வருஷத்துல ஒக்டோபர், நவம்பர் மழை நமக்கு வழமைய விடக் கூடத்தான் பெய்யும். மாரி முடிய மட்டும் பொறுங்க, கூரையில கை வெக்காதீங்க." அப்னாவும் பக்கத்துல நிண்டாள். மாடி கட்ட வாற மேசன் நவம்பர்லதான் நேரமிரிக்கி எண்டான்... புயல் குறைவு எண்டதோட நான் எழும்பிட்டன். மிச்சத்த யாரு காதுல எடுத்தது?

நிப்பாட்டு, நிப்பாட்டு! இந்தப் பச்சக் கேற்றுத்தான். நீ ஒருக்கா உள்ளுக்குப் போய்ச் சொல்லன், நான் வந்திரிக்கன் எண்டு. என்ன, தலைய ஆட்டுறாய்? உனக்கும் சிரிப்பா? அட... அந்தா அவரே வாறார், குடையோட. என்னக் கண்டிட்டார்.

அஸ்ஸலாமு அலைக்கும் மருமகன். இல்ல, குடை எனக்கு வேணாம், நீங்க புடிங்க. நீங்க சொன்னீங்கதான், நான்தான் கேக்கல்ல. ஊரெல்லாம் உங்களப் பகிடி பண்ணினதும் நான்தான். ஊட்டுக்கு வாங்க. நாள் வெக்க ஆக்கள் வாறாங்க, எந்த மாசம் நல்லம் எண்டு நீங்கதான் அவங்களுக்குச் சொல்லணும். முதல்ல எனக்குச் சொல்லுங்க... முழுசாச் சொல்லுங்க மருமகன். நான் இஞ்சயே நிண்டு கேக்கிறன்.