திங்கட்கிழமை காலை 8.50க்கு வீடு தானாகப் பூட்டிக்கொண்டது குறித்து

இந்த வாக்குமூலம் எழுதப்பட்டபோது அறையில் இருந்தவர்கள்: ஆய்வாளர், எழுதும் காவலர், பெண் காவலர் ஒருவர், புகார் கொடுத்த என் கொழுந்தன், நான். ஆக ஐந்து பேர். கொழுந்தனின் மனைவி, அதாவது என் ஓரகத்தி, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளையும் உள்ளே கூப்பிடச் சொன்னேன். தேவையில்லை என்று சொல்லப்பட்டது. நான் கேட்டதையும் அவர்கள் மறுத்ததையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

என் பெயரும் கதவு எண்ணும் முதல் தாளில் உள்ளன. வயது நாற்பத்தேழு. தொழில் என்ற இடத்தில் எழுதும் காவலர் "இல்லை" என்று போட்டார். அதை அடித்துவிட்டு, "வீட்டுப் பொறுப்பு, படுக்கையில் இருக்கும் மாமனாரைக் கவனிப்பது" என்று போடச் சொன்னேன். போட்டார். பள்ளிக்கூடம் எட்டாவது வரை போனேன். மற்றதெல்லாம் நானாகப் படித்துக்கொண்டது. கடவுள் பேரைச் சொல்லி ஒன்றை ஆரம்பித்தால் அதில் பொய் கலக்க மாட்டேன். இதையும் அப்படித்தான் ஆரம்பிக்கிறேன்.

என் மேல் உள்ள புகார் இது. திங்கட்கிழமை காலை, சத்தம் பிரார்த்தனைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று மாமனாரின் காற்று மெத்தை பம்பையும் ஃபேனையும் நான் நிறுத்தினேனாம். அவரைத் தனியாக விட்டுவிட்டு வெளியே போனேனாம். அவர் விழுந்த பிறகு பழியை இயந்திரத்தின் மேல் போட வேண்டும் என்று கதவுக் கண்ணாடியை உடைத்தேனாம். மாமனார் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இந்தப் புகார் முடியும்வரை வார்டுக்குள் என்னை விடக்கூடாது என்று கொழுந்தன் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவரை இனி நான் கவனிக்கலாமா கூடாதா என்பதுதான் இங்கே பேச்சு. கண்ணாடியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

வீட்டில் இருப்பவர்கள் நாலு பேர். மாமனார், கொழுந்தன், ஓரகத்தி, நான். என் வீட்டுக்காரர் கப்பலில் இயந்திர அறையில் வேலை செய்கிறார். ஒன்பது மாதத்துக்கு ஒரு முறை வருவார். மாமனாருக்கு இரண்டு வருடம் முன்பு பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. புத்தி சுவாதீனமாக இருக்கிறது, நாக்குதான் ஒத்துழைப்பதில்லை. என்னை "ம்மா" என்று கூப்பிடுவார். அது ஒன்றுதான் தெளிவாக வரும்.

ஹாலில் ஒரு ஸ்பீக்கர் உண்டு. நாம் பேசினால் பதில் பேசும், விளக்கு போடும், கதவு பூட்டும். கொழுந்தன் வாங்கி மாட்டியது. மாமனாருக்கு வாய் நன்றாக இருந்த காலத்தில் அதற்கு 'வீட்டோட மாப்பிள்ளை' என்று பேர் வைத்தார். இருந்த இடத்தை விட்டு எழாமல் எல்லாம் தெரிந்ததுபோல் பேசுகிறது என்பது அவர் கணக்கு. அன்று முதல் வீட்டில் அது மாப்பிள்ளைதான்.

ஆறு வாரம் முன்பு கொழுந்தன் அதில் ஒரு கட்டளை எழுதி வைத்தார். ஆட்டோமேஷன் என்பார். வீட்டில் உள்ளவர்கள் எல்லாரும் வெளியே போய்ப் பத்து நிமிடம் ஆனால், முன்கதவு, பின்கதவு, பக்கச் சந்தின் கேட் மூன்றும் பூட்டிக்கொள்ள வேண்டும், விளக்கும் பிளக்குகளும் அணைய வேண்டும். எழுதினாரே தவிர அது ஒரு நாளும் ஓடவில்லை. அவரும் ஓரகத்தியும் காலை 8.40க்கு வேலைக்குக் கிளம்புவார்கள். சாயங்காலம் திரும்பி வந்து, சந்து கேட் பூட்டாமல் இருப்பதைப் பார்த்ததும், "என்ன அண்ணி, மாப்பிள்ளை இன்னைக்கும் லீவா?" என்று கேட்பார். அதன் பிறகு, நான்தான் பகலெல்லாம் வீட்டில் இருக்கிறேன் என்பதால், ஏன் ஓடவில்லை என்று பார்க்கச் சொன்னார். நானும் பார்த்தேன்.

அதற்கென்று ஒரு நோட்டு போட்டேன். தேதி, நேரம், எதை மாற்றினேன், என்ன ஆனது என்று நாலு பத்தி. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றினேன். குழம்பு சரியாக வரவில்லை என்று உப்பையும் புளியையும் சேர்த்து மாற்றினால், எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது. முதலில் நெட் பெட்டியை அணைத்துப் போட்டேன். அதன் பிறகு இரண்டு விளக்குக்கு ஒரே பேர் இருந்ததைக் கண்டு ஒன்றின் பேரை மாற்றினேன். அதன் பிறகு கடிகார நேரம் சரியா என்று பார்த்தேன். அதன் பிறகு வாயால் சொல்லிப் பார்த்தேன். சொன்னதும் மூன்று பூட்டும் விழுந்தன, விளக்கு அணைந்தது. அப்படியானால் கை கால் சரியாக இருக்கிறது, எப்போது செய்ய வேண்டும் என்பதில்தான் கோளாறு என்று புரிந்தது. இது இரண்டாம் வாரம். அப்போது மாமனார் அறையில் மாப்பிள்ளை அணைக்கக்கூடிய பிளக் எதுவும் கிடையாது.

நாலாம் வாரம் கொழுந்தன் மாமனாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பிளக்கைச் செருகி, ஃபேனையும் மெத்தை பம்பையும் அதில் மாட்டினார். வேலை செய்யும் இடத்தில் இருந்தே அப்பாவின் ஃபேனைப் போடலாம், நிறுத்தலாம் என்றார். நல்ல எண்ணம்தான், அதையும் சொல்கிறேன். அந்த மெத்தையின் பம்ப் நின்றால் அரைமணிக்குள் காற்று இறங்கி ஒரு பக்கமாகச் சரியும்.

ஆறாம் வாரம், ஞாயிற்றுக்கிழமை மதியம், ஓரகத்தி தன் போனில் அந்தத் திரையை எனக்குக் காட்டினாள். "வீட்டில் இருப்பவர்கள்" என்ற இடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். கொழுந்தன், ஓரகத்தி, என் வீட்டுக்காரர். ஓரகத்தி சிரித்துவிட்டாள். "அக்கா, அவரு கடல்ல இருக்காரு. இது அவரு உள்ள உக்காந்திருக்காருங்குது பாருங்க" என்றாள். நானும் சிரித்தேன். அதன் பிறகு எனக்கு விளங்கியது. என் வீட்டுக்காரரின் பழைய போன் அடுப்படி டிராயரில் இருக்கிறது. காலை ஐந்தரைக்குப் பிரார்த்தனைப் பாட்டு கேட்க அதைத்தான் வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை ஆட்களை எண்ணுவதில்லை, போனை எண்ணுகிறது. அந்தப் போன் வீட்டை விட்டுப் போகாததால், எல்லாரும் போனதாக அது நினைக்கவே இல்லை.

கண்டுபிடித்தது நான். கொழுந்தனிடம் சொன்னதும் நான்தான். மறைக்கவில்லை. அன்று சாயங்காலம் அவர் அந்தப் பழைய போனைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார். "சபாஷ் அண்ணி, உங்களை எங்க ஆபீஸ்ல சேர்த்துடலாம்" என்றார். அப்போது நான், அப்படியானால் நானும் மாமாவும் வீட்டில் இருப்பது அதற்கு எப்படித் தெரியும், எங்கள் இரண்டு பேரையும் அதில் சேருங்கள் என்று கேட்டேன். என்னிடம் இருப்பது பட்டன் போன். மாமனாரிடம் அதுவும் இல்லை. அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறேன்:

"எப்பவும் வீட்லயே இருக்கறவங்களை எதுக்கு அண்ணி எண்ணணும்? போறவங்களைத்தானே எண்ணணும்."

நான் இரண்டாவது முறையும் கேட்டேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்த நாளைக்கு என்ற சொல்லை நம்பிப் படுக்கப் போனேன். இதில் என் பங்கு அவ்வளவுதான். இங்கே எழுதும் காவலர் "கவனக்குறைவாக" என்று சேர்த்தார். படித்துக் காட்டச் சொன்னபோது கண்டுபிடித்து நீக்கச் சொன்னேன். இரண்டு முறை கேட்டவளுக்குப் பேர் கவனக்குறைவு அல்ல.

திங்கட்கிழமை காலை மாமனாருக்கு வாய் கொப்பளிக்க வைத்து, கஞ்சி கொடுத்து, வலது பக்கம் திருப்பிப் படுக்க வைத்தேன். ஃபேனும் பம்பும் ஓடிக்கொண்டிருந்தன. என் பிரார்த்தனை ஐந்தரைக்கு ஆரம்பித்து ஆறுக்கு முடிந்துவிட்டது. எட்டே முக்காலுக்கு எனக்கு எந்தப் பிரார்த்தனையும் கிடையாது. அந்தப் பம்பு சத்தத்தோடு இரண்டு வருடமாகப் பிரார்த்தனை செய்கிறேன். அது நின்றால்தான் எனக்குப் பதறும். 8.40க்கு அவர்கள் இரண்டு பேரும் கிளம்பினார்கள். நான் துவைத்த துணிகளை வாளியில் எடுத்துக்கொண்டு பின்பக்கம் காயப்போடப் போனேன். மாமனாரின் விரிப்பு இரண்டு, சட்டை மூன்று, என் சேலை ஒன்று. சேலையைப் பிழியும்போது பின்கதவில் டக் என்று சத்தம் கேட்டது. அதே நேரத்தில் சந்து கேட்டிலும் கேட்டது. அதன் பிறகு மாமனார் அறை ஜன்னலில் ஃபேன் சுற்றுவது மெதுவாகி நின்றது.

பின்கதவுக்கு வெளியே இருந்து திறக்கும் வழி இல்லை. சாவித் துளையும் இல்லை, எண் பலகையும் இல்லை. முன்பக்கம் போக வேண்டுமானால் சந்து கேட் திறக்க வேண்டும். நான் சுவருக்கும் கதவுக்கும் நடுவில் நின்றேன். பட்டன் போன் உள்ளே அடுப்படி மேடையில் இருந்தது. பின்பக்கம் பார்த்த ஹால் ஜன்னல் திறந்திருந்தது, கம்பி போட்டது. அதன் வழியாக மாப்பிள்ளையிடம் பின்கதவைத் திறக்கச் சொன்னேன். பூட்டுவதற்கு யார் சொன்னாலும் கேட்கும், திறப்பதற்குப் பதிவான குரல் வேண்டுமாம்; உங்கள் குரல் பதிவில் இல்லை என்றது. மாமா உள்ளே இருக்கிறார், பிளக்கைப் போடு என்றேன். "வீட்டில் இப்போது யாரும் இல்லை" என்றது.

அதன் பிறகு பின்வீட்டுத் தையற்காரம்மாவைச் சுவருக்கு மேலாகக் கூப்பிட்டேன். அவர் தன் போனில் இருந்து கொழுந்தனை 8.58க்கும் 9.04க்கும் கூப்பிட்டார், எடுக்கவில்லை. ஓரகத்தியின் எண் அவரிடம் இல்லை, எனக்கும் மனப்பாடம் இல்லை. 9.11க்குக் கொழுந்தன் எடுத்தார். அண்ணி ஏதாவது தப்பாக அழுத்தியிருப்பார், மீட்டிங் முடிந்து பார்க்கிறேன் என்றார். அந்த நேரங்கள் தையற்காரம்மாவின் போனில் இருக்கின்றன. இதற்குள் மாமனார் என்னைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். "ம்மா" என்பார், உடனே ஹாலில் இருந்து அது "மன்னிக்கவும், புரியவில்லை" என்னும். திரும்பவும் "ம்மா" என்பார். திரும்பவும் மன்னிப்பு கேட்கும். நாலு தடவை எண்ணினேன். ஐந்தாவது தடவை அவர் கூப்பிடவில்லை, விழும் சத்தம்தான் கேட்டது.

துணி துவைக்கும் மேடையின் ஓரச் செங்கலைப் பெயர்த்துக் கதவுக் கண்ணாடியில் அடித்தேன். மூன்றாவது அடியில் உடைந்தது. கையை உள்ளே விட்டுத் திருகினேன். முழங்கைக்குக் கீழே கிழிந்தது, ஏழு தையல். உள்ளே போனபோது அடுப்படிக் கடிகாரத்தில் 9.22. மெத்தை சப்பையாகி ஒரு பக்கம் சரிந்திருந்தது. அவர் தரையில் கிடந்தார். வலது கை பிளக்கின் பக்கம் நீண்டிருந்தது, ஒரு சாண் எட்டவில்லை. அவரை அசைக்காமல் தலைக்கு அடியில் மட்டும் துண்டு வைத்தேன். தையற்காரம்மாவிடம் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னேன்.

இந்த இடத்தில் கொழுந்தன் குறுக்கே பேசினார். மேசையில் நான் வைத்திருந்த நோட்டைத் தூக்கிக் காட்டினார். "நாற்பத்தோரு இடத்துல ஓடலை, ஓடலைன்னு நீங்கதானே அண்ணி எழுதி வச்சிருக்கீங்க. ஆறு வாரமா ஓடாதது அன்னைக்கு மட்டும் எப்படி ஓடும்?" என்றார்.

நான் சொன்னேன்: "ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஓடலை தம்பி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நீங்க சரி பண்ணிட்டீங்க."

ஆய்வாளர் அவரைப் பார்த்தார். பழைய போனைப் பட்டியலில் இருந்து எடுத்தீர்களா என்று ஆய்வாளர் கேட்டதற்கு, நினைவில்லை என்றார். அதன் பிறகு நோட்டின் நாற்பத்திரண்டாவது வரியைப் படிக்கச் சொன்னேன். "திங்கள், காலை 8.50. பழைய போன் பட்டியலில் இல்லை. ஓடியது." அதை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இருந்து எழுதினேன். விழுந்த பிறகு எழுதியது செல்லாது என்கிறார் கொழுந்தன். சரி, அது செல்ல வேண்டாம். எந்தக் கட்டளை எத்தனை மணிக்கு ஓடியது என்ற வரலாறு ஸ்பீக்கரின் கணக்கில் இருந்தது. திங்கள் சாயங்காலமே அவர் அதை அழித்து, எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கிவிட்டார். ஆபத்தான பொருள் என்று அழித்ததாகச் சொல்கிறார். நான் பம்பை நிறுத்தியிருந்தால் அதற்குச் சாட்சி அந்த வரலாறுதான். எனக்கு எதிரான சாட்சியை அவரே ஏன் அழிக்க வேண்டும் என்று கேட்டேன்.

கொழுந்தன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. தன் கையால் அப்பா விழுந்தார் என்று ஒத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. அதற்காக என் கையை நீட்ட முடியாது. மன்னிப்புக் கடிதம் எழுதினால் புகாரைத் திரும்பப் பெறுவதாக நேற்று சொல்லி அனுப்பினார். செய்யாததற்கு மன்னிப்பு கேட்டால் கடவுளிடம் எதற்கு மன்னிப்பு கேட்பது. எழுத மாட்டேன்.

திரையை என்னிடம் காட்டிய ஓரகத்தியைக் கேளுங்கள். தையற்காரம்மாவைக் கேளுங்கள். மாமனாரையும் கேளுங்கள். வலது கையால் ஆம், இல்லை என்று காட்டுவார். அவசரப்படாமல் கேட்டால் போதும். ஸ்பீக்கர் கம்பெனியிடம் நகல் இருக்கும். வீட்டில் இருந்து அழித்தாலும் அங்கே சில நாள் இருக்கும் என்று அவர்களுடைய விதிகளில் படித்தேன். நிலையத்தில் இருந்து எழுதிக் கேட்டால்தான் தருவார்கள்.

எழுதும் காவலர் எழுதியதை முழுவதும் படித்துக் காட்டினார், பிறகு நானும் ஒரு முறை படித்தேன். இதில் உள்ளது நான் கண்டதும் கேட்டதும் செய்ததும் மட்டுமே. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாருக்கும் பயந்து ஒன்றை விடவில்லை. கட்டுப்போட்ட வலது கையாலேயே கையெழுத்துப் போடுகிறேன்.

கையெழுத்துக்கு மேல் இதையும் சேர்க்கச் சொன்னேன். வியாழக்கிழமை மாமனாரை ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்புகிறார்கள். அவரைக் கவனிக்க என்னை விடாவிட்டால் முதியோர் இல்லத்தில் சேர்க்கக் கொழுந்தன் இடம் கேட்டு வைத்திருக்கிறார். நான் வார்டுக்குள் போகலாமா, அவரை வீட்டுக்குக் கூட்டி வரலாமா என்பதைப் புதன்கிழமைக்குள் எழுத்தில் சொல்லுங்கள்.