பராசரனின் சினிமா அபிப்பிராயங்கள்

மைசூரில் ஒரு தமிழ்ப் படம் மூன்று வாரம் ஓடினால் அதிகம். அதற்குள் பார்த்து, பார்த்த மறுநாளே எழுதி, மதராஸ் தபாலில் சேர்த்துவிட வேண்டும். ஆறு வருஷமாக நான் அந்தக் கெடுவைத் தவறவிட்டதில்லை, ஒரு தடவையைத் தவிர. அந்தத் தடவையைப் பற்றியும் சொல்கிறேன்.

இன்ஸ்பெக்டர் பசவராஜ் அவர்களே, நீங்கள் கேட்டது வேறு என்று எனக்குத் தெரியும். காகிதத்தையும் மைக்கூட்டையும் வைத்து, "நிதானமா எழுதுங்க ஸ்வாமி, உங்க சொந்த மாத்துல, சொந்த வார்த்தைல" என்று கன்னடம் கலந்து சொல்லிவிட்டுப் போனீர்கள். சொந்த வார்த்தை என்றதால்தான் முதலிலிருந்து தொடங்குகிறேன்.

நான் சர்க்கார் கச்சேரியில் நகல் குமாஸ்தா. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். மேலதிகாரி சொல்லச் சொல்ல எழுதுவதும், கிறுக்கலாக வந்ததைச் சுத்தப் பிரதி எடுப்பதும் என் வேலை. சேர்ந்த முதல் வாரமே எனக்குச் சொல்லிக்கொடுத்தது, எழுதும்போது பொருளைப் பார்க்காதே என்பதுதான். பொருளைப் பார்த்தால் கை தயங்கும், எழுத்து கோணும். தூக்குத் தண்டனை உத்தரவையும் மாட்டுக் கொட்டகைக்குக் கூரை போடும் அனுமதியையும் ஒரே வேகத்தில் எழுதியிருக்கிறேன். காதில் விழுந்தது கை வழியாகக் காகிதத்துக்குப் போய்விடும். நடுவில் நான் இருக்க மாட்டேன். என் பிரதியில் ஓர் அடித்தல் திருத்தல் பார்த்தவர் கிடையாது.

மதராஸ் வாரப் பத்திரிகை ஒன்று, வெளியூர் வாசகர்கள் படங்களைப் பற்றி அபிப்பிராயம் எழுதலாம் என்று அறிவித்தது. எழுதிப் போட்டேன். "பாட்டுகள் இனிமை. உடைகள் பொருத்தம். கூட்டம் நல்ல கூட்டம்." பிரசுரமாகவில்லை. இன்னொன்றும் அனுப்பினேன். அதுவும் வரவில்லை.

மூன்றாவது தடவை என் மனைவி பத்மாஸினியையும் அழைத்துப் போனேன். தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற டாக்கீஸ்தான். பெண்கள் பகுதியை மறைத்துத் தொங்கும் துணியை விளக்கணைந்த பிறகுதான் விலக்குவார்கள், விளக்கு வருவதற்குள் மூடிவிடுவார்கள். படம் ஒரு குடும்பக் கதை. மாமியார் படுத்துகிறாள், மருமகள் அழுகிறாள். எனக்கு மிகவும் உருக்கமாக இருந்தது. ஜட்காவில் திரும்பும்போது அவள் சொன்னாள்:

"ஏன்னா, அந்தப் பொண்ணு பன்னெண்டு ரீல் அழறா. ஒருத்தராவது ஒரு டம்ளர் தீர்த்தம் குடுத்தாளோ? அழறவாளுக்குத் தீர்த்தம் குடுக்காத அகம் எங்கே இருக்கு? படம் எடுத்தவா யாரும் அழுதவா பக்கத்துல உக்காந்ததே இல்லை போலருக்கு."

அதை எழுத்துத் தமிழில் போட்டு அனுப்பினேன். பெட்டி கட்டிப் பிரசுரித்தார்கள். கீழே என் பெயர், பராசரன், மைசூர்.

அதன் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. சனிக்கிழமை படம். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் காய் நறுக்கியபடி பேசுவாள், நான் பக்கத்தில் பலகை போட்டு எழுதுவேன். கொஞ்ச நாளில் அவளே எழுத்துத் தமிழில் சொல்லப் பழகிவிட்டாள். என் பெயரில் வருவதால் 'நான்' என்றுதான் சொல்வாள். "எனக்கு நம்பிக்கை வரவில்லை", "என் மனைவியிடம் கேட்டேன், அவள் சிரித்தாள்" என்றெல்லாம் அவள் வாயிலிருந்து வரும். இதை வைத்து அவள் எழுதினாள் என்று நினைத்துவிடக் கூடாது. சொல்வது வேறு, எழுதுவது வேறு. காய் வாங்கி வந்தவர் சமைத்தவர் ஆகிவிட மாட்டார்.

ஒரு காதல் படம் வந்தது. ஊரே மயங்கிக் கிடந்தது. பராசரன் எழுதியது இது: "காதலன் அவள் முகத்தைப் பற்றி மூன்று பாட்டுப் பாடுகிறான். அவள் சொன்ன ஒரு வார்த்தையைக்கூடப் படம் முழுவதும் நினைவுபடுத்திப் பேசவில்லை. கேட்டிருந்தால்தானே." இரண்டு லட்சம் செலவில் எடுத்த ஒரு புராணப் படத்தைப் பற்றி: "யுத்தத்தில் நூறு யானைகள் வருகின்றன. ஒரு யானை மீதும் பாகன் இல்லை. இதை மைசூர்க்காரர்களிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள்." இந்த யானை விஷயத்தை எங்கள் கச்சேரியில் மூன்று நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, இந்த வாரம் எந்தப் படத்துக்குக் குடும்பத்தோடு போகலாம் என்று கேட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் ஓர் அபிப்பிராயம் கேட்ட முதல் மனிதர் அவர். அன்று நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன். ஜட்காவில் உட்கார்ந்து வர முடியாத அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

இந்த வருஷம் ஆனி மாதம் ஒரு கடிதம் வந்தது. மேலே திருமதி பத்மாஸினி என்று எழுதியிருந்தது. வீட்டுக்கு வரும் தபாலை நான்தான் பிரிப்பது. பத்திரிகாசிரியர் எழுதியிருந்தார். அவள் தன் பெயரில் அனுப்பிய விமர்சனம் கிடைத்ததாம். எங்கள் பராசரனின் எழுத்தைவிட ஒரு படி மேலாக இருக்கிறதாம். தசராவுக்கு மைசூர் வரும்போது நேரில் கண்டு பேச ஆவலாம். தனிப் பகுதி ஒதுக்கலாமாம்.

கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு என் பேர்ல போட்டுப் பாத்தேன்னா. உங்களுக்கு எப்பவும்போல சொல்றேன். ரெண்டும் சொல்லிண்டே இருக்கலாமே, வாய் என்ன வலிக்கவா போறது?"

எனக்குக் கோபம் வரவில்லை. இத்தனை வருஷத்தில் நான் அவள் மேல் கை வைத்ததில்லை, குரல்கூட உயர்த்தியதில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். ஆனால் யோசித்தேன். ஒரே பத்திரிகையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால், படிக்கிறவனுக்குத் தெரியாதா? தசராவுக்கு ஆசிரியர் வந்து கூடத்தில் உட்கார்ந்து ஒரு படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், நான் என்ன சொல்வேன்? பாட்டுகள் இனிமை என்பேனா?

ஆடியில் தெரு முழுக்கக் கண்வலி. அவளுக்கும் வந்தது. டாக்டர் ஒரு சின்னப் புட்டியில் சொட்டு மருந்து கொடுத்தார். காலை மாலை இரண்டு சொட்டு. தானே விட்டுக்கொள்ள அவளுக்கு வராது, கண்ணை மூடிக்கொண்டுவிடுவாள். அதனால் அந்த வேலை எனக்கு வந்தது. முதல் மூன்று நாள் டாக்டர் கொடுத்ததையே விட்டேன். சிவப்பு குறைந்துகொண்டு வந்தது. நாலாம் நாள் மருந்தை மாற்றினேன். வெற்றிலைப் பெட்டி பக்கத்திலேயே இருந்தது. வேறு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை.

தலையை என் மடியில் வைத்துக்கொள்வேன். எரிகிறது என்பாள். எரிந்தால்தான் மருந்து பிடிக்கிறது என்று அர்த்தம், டாக்டரே சொன்னார் என்பேன். நெற்றியைத் தடவிக்கொடுப்பேன். ஒருநாள் ஒரு சொட்டு கன்னத்தில் வழிந்து உதட்டுக்குப் போயிற்று.

"மருந்து சுண்ணாம்பாட்டம் இருக்கே" என்றாள்.

மருந்தென்றால் ஒரு ருசி இருக்கத்தான் செய்யும் என்றேன். என் கையை அவள் பிடித்திருந்தாள். அந்தப் பிடியை மெல்ல விட்டாள். பிறகு அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. அதற்குள் இரண்டு கண்ணிலும் வெள்ளை விழுந்துவிட்டது. தசரா கழியும்வரை அவளால் எழுதவோ படம் பார்க்கவோ முடியாமல் இருந்தால் போதும் என்றுதான் நான் நினைத்தேன். அதற்கு ஒரு கண்ணே போதும் என்றுகூடத் தோன்றியது. எந்தக் கண் என்று தீர்மானிக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு கல்நெஞ்சம் எனக்கு இல்லை.

டாக்டர் என்ன விட்டீர்கள் என்று கேட்டார். நீங்கள் கொடுத்ததுதான் என்றேன். புட்டியைக் கொண்டுவரச் சொன்னார். நான் அதை வெந்நீரில் கழுவி எடுத்துப் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார்.

கெடுவைத் தவறவிட்டது அப்போதுதான். மூன்று வாரம் அவள் வாயே திறக்கவில்லை. நான் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பலகை முன் உட்காருவேன். உடைகள் பொருத்தம் என்பதற்கு மேல் ஓடாது. ஆசிரியரிடமிருந்து போஸ்ட் கார்டு வந்தது. மனைவிக்குப் பார்வை போய்விட்டது என்று பதில் எழுதினேன். அவர் மிகவும் வருந்தி, உங்கள் நிலையில் எழுத்தை வற்புறுத்த மாட்டேன், ஆனால் தசரா மலருக்கு மூன்று படங்களைப் பற்றி எழுதினால் முதல் பக்கத்தில் போடுவேன் என்றார். அதை அவள் காதில் விழும்படி வாசித்தேன். வாசித்து முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான் போய் இறக்கினேன்.

"என்னென்ன படம்? நன்னாக் கதை சொல்லுங்கோ. நான் சொல்றேன், எழுதிக்கோங்கோ" என்றாள்.

எனக்கு உயிர் வந்தது. நம் வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஒரு குடும்பப் படம், ஒரு காதல் படம், ஊரெல்லாம் கொட்டகை நிறைந்து ஓடிய ஒரு பிரம்மாண்டப் படம். அந்தக் கடைசிப் படத்தில் முனிவர் சாபத்தால் கதாநாயகிக்குக் கண் போய்விடும், பிறகு வரும். சாயங்காலம் வரை அவள் நிறுத்தாமல் சொன்னாள். நான் இருபத்தெட்டுப் பக்கம் எழுதினேன். ஓர் இடத்தில்கூட அடித்தல் இல்லை. மடித்து உறையில் போட்டு அன்றே தபாலில் சேர்த்தேன்.

நான் எழுதியதை முதன்முதலாக நான் படித்தது அச்சில்தான். மார்க்கெட் வாசலில் பத்திரிகைக் கடையில் நின்றபடி படித்தேன். கடைசிப் பகுதி இப்படி இருந்தது:

"சாபத்தால் போன கண் இரண்டு ரீலில் வந்துவிடும். என் வீட்டில் போனது வராது. என் மனைவியின் கண்ணில் மருந்து விட்டவன் நான். புட்டியில் இருந்தது வெற்றிலைச் சுண்ணாம்பு கரைத்த தண்ணீர். ஆறு நாள், காலையும் மாலையும், அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு விட்டேன். அவள் பெயரில் ஒரு கடிதம் வந்தது, அதற்காக. படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் படத்தில் கண்ணைப் பறிக்கிறவன் பல்லைக் கடிக்கிறான், உருட்டி விழிக்கிறான். அது சுத்தப் பொய். அவன் நெற்றியைத் தடவிக்கொடுப்பான்."

என் முதல் எண்ணம், கடைசி வாக்கியம் நன்றாக அமைந்திருக்கிறது என்பது. இரண்டாவது எண்ணம் வரச் சற்று நேரம் ஆயிற்று. கடைக்காரன் நாற்காலி போட்டு உட்காரவைத்தான்.

ஆசிரியர் அதை ஒரு கற்பனை உத்தி என்று நினைத்துப் பிரசுரித்தாராம். டாக்டர் அப்படி நினைக்கவில்லை. பத்திரிகையோடு உங்களிடம் வந்துவிட்டார். பத்மாஸினியை அவள் அண்ணன் செலுவநாராயணன் அதற்குள் மேல்கோட்டைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்று காலை நீங்கள் என்னிடம் மனசு விட்டுப் பேசினீர்கள். "டாக்டர் ரிப்போர்ட்ல கண்ணு போச்சுன்னு இருக்கு, யார் செஞ்சாங்கன்னு இல்ல. புட்டி கழுவியாச்சு. எங்கிட்ட இருக்கறது இந்த ஒரு பக்கம்தான். நீங்க நகல் எழுதறவர். ஆறு வருஷமா அவங்க சொல்லித்தான் எழுதறேன், இது அவங்க வார்த்தை, என் வார்த்தை இல்லன்னு ஒரே ஒரு வரி எழுதிக்கொடுத்தா கேஸ் நிக்காது. எனக்குப் பிடிக்கலைன்னாலும் விட்டுத்தான் ஆகணும்." அந்த ஒரு வரி உங்கள் வழியாக மதராஸுக்கும் போகும், கச்சேரிக்கும் போகும் என்று நீங்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை.

பிறகு மேல்கோட்டையில் அவளிடம் வாங்கிய வாக்குமூலத்தை எடுத்து வாசித்தீர்கள். "சினிமாவைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? நான் அடுப்படில இருக்கறவள். எல்லாம் அவரே எழுதினது. ஆறு வருஷமா ஒரு எழுத்துகூட என்னுது இல்லை." வாசித்துவிட்டு என்னை வெகுநேரம் பார்த்தீர்கள். நான் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.

நீங்கள் கேட்ட வரியை நான் எழுதித் தர மாட்டேன். மேலே நான் சொன்ன காய் நறுக்கும்போது பேசிய பேச்சையெல்லாம் எழுத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு வார்த்தையும் என்னுடையது. என்னுடையது என்பதால் அதில் சொன்னதைச் செய்தவனும் நான்தான். ஜெயிலுக்கு அனுப்புங்கள், நான் மறுக்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் எனக்கு அவள் மேல் ஒரு வருத்தமும் இல்லை. கண் இருந்தவரை அவள் இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. இப்போதுதான் எழுத்தாளன் யார் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.