ஜோடி மாறிய கிடார்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஆயர் ஐயா அவர்களே, இசைக் கலைஞர் சங்கத் தலைவர் அப்துல் ஹமீத் அவர்களே, மறைந்த நெல்வினோடு ஷூ கம்பெனியில் வேலை பார்த்த நண்பர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நெல்வினின் மனைவி, எனக்குத் தங்கை போன்ற கேத்தரின் அவர்களே, துக்கத்தில் பங்கெடுக்க வந்த பெரியோர்களே, தாய்மார்களே! துக்கம் எந்த அளவுக்கு இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போக வந்த சிலரும் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கும் என் வணக்கம்.

யாரைச் சொல்கிறேன் என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டாம். தூணோரம் செல்போனை உயர்த்திப் பிடித்திருக்கும் தம்பி, நன்றாக எடுங்கள். ஆனால் முழுதாக எடுங்கள். நடுவில் வெட்டி ஒட்டி அனுப்பும் வேலை வேண்டாம். அந்த வேலையால்தான் இன்றைக்கு நான் இப்படிப் பேச வேண்டியிருக்கிறது.

நான் ராமமூர்த்தி. வெண்சாரல் மெல்லிசைக் குழுவை நடத்துகிறவன், அதில் பாடுகிறவன். என்னைத் தெரிந்தவர்களுக்கு என் சந்தேக குணமும் தெரியும். டீயில் சர்க்கரை போட்டாயிற்று என்று சொல்லிக் கொடுத்தாலும் ஒரு வாய் குடித்துப் பார்க்காமல் நான் நம்ப மாட்டேன். அந்தக் குணத்தோடுதான் சொல்கிறேன்: ஆம்பூரிலிருந்து பள்ளிகொண்டா வரைக்கும் எத்தனையோ மேடை ஏறியவன் நான், நெல்வினைப் போல் பேஸ் கிடார் வாசித்த ஒருவரை எங்கும் பார்த்ததில்லை!

பகலில் ஷூ கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். இடது காலையும் வலது காலையும் சைஸ் பார்த்து, நிறம் பார்த்து, ஒரே பெட்டியில் சேர்க்கும் வேலை. மாலையில் மேடை. மேடையில் அவருக்குப் பக்கத்தில் மூன்று பேஸ் கிடார் நிற்கும். எங்கள் பாட்டுகள் இடைவெளியில்லாமல் ஒன்றோடொன்று கோத்து வரும். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில், சில நேரம் ஒரே பாட்டின் நடுவிலேயே, ஒன்றை இறக்கி வைத்து இன்னொன்றை மாட்டிக்கொள்வார். நான் ஒரு வரி பாடி மூச்சு எடுப்பதற்குள் கிடார் மாறியிருக்கும். பேஸ் மட்டும் நிற்காது. ஒரு நொடிகூட நிற்காது!

எப்படி நிற்காமல் இருந்தது? அங்கேதான் வந்தது ஊருக்குச் சந்தேகம். "பேஸ் எல்லாம் ட்ராக்ல ஓடுதுபா. முன்னாடியே பதிவு பண்ணி வச்சிட்டு, அவரு சும்மா கிடார மாத்தி மாத்தி ஸ்டைல் காட்றாரு." இதைச் சொன்னது யார்? எங்களுக்கு வரவேண்டிய மேடைகள் மீது கண் வைத்தவர்கள் சொன்னார்கள் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். டீ கொடுக்கும்போது முதல் ஆளாக எழுந்து போகிறவர்களைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பேச்சு அவருடைய அடக்கம் வரைக்கும் தொடர்ந்து வந்தது தெரியுமா? நெல்வின் வேலைக்குக் கிளம்பி, வண்டியை உதைக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடக்கத்தன்று, கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே, கேத்தரின் காதில் விழும்படி ஒருவர் பேசினார், ட்ராக் போட்டு வாசித்தவர் இவர்தானே என்று. கேத்தரின் நர்ஸ். பெரும்பாலும் மாலை ஷிப்ட். கணவர் மேடையில் வாசித்ததை அவர் பார்த்தது மிகவும் குறைவு. மறுநாள் என்னிடம் கேட்டார்: "அண்ணே, ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. அவரு நெசமாவே வாசிச்சாரா?"

இறந்துபோனவரின் மனைவி கேட்கிற கேள்வியா இது? அவர் வாயில் இந்தக் கேள்வியை வைத்தவர்களே, உங்களுக்கு எப்படித் தூக்கம் வருகிறது? நினைவுக் கூட்டத்துக்கு வாருங்கள், அங்கே சொல்கிறேன் என்றேன். இங்கே, எல்லார் முன்னாலும் சொல்கிறேன்.

ஊருக்கு முன்பே நான் சந்தேகப்பட்டவன். மேடையில் லேப்டாப் எங்கே இருக்கிறது என்று தேடினேன். ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். கீபோர்டு வாசிக்கும் வசந்த் இடது கையால் பேஸை நிரப்புகிறானோ என்று, ஒரு பாட்டு முழுக்க அவன் இடது கையைப் பேன்ட் பாக்கெட்டிலேயே வைத்திருக்கச் சொன்னேன். பாவம், அவனும் வைத்திருந்தான். பேஸ் நிற்கவில்லை!

பிறகு நெல்வின் பக்கத்திலேயே போய் நின்று பாடினேன். அப்போதுதான் கண்டேன். கிடாரை இறக்குவதற்கு முன்னால் தடித்த தந்தியை ஒருமுறை ஓங்கி மீட்டுவார். அது முழங்கிக்கொண்டிருக்கும்போதே அதை ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு, அடுத்ததைத் தோளில் மாட்டி முதல் சுரத்தை அழுத்துவார். அதே நேரத்தில், ஸ்பீக்கரை ஒரு கிடாரிலிருந்து மற்றதற்கு மாற்றும் சுவிட்சைக் காலால் மிதிப்பார். ஒன்றின் ஒலி அடங்குவதற்குள் மற்றது பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் சூட்சுமம். நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள், கால் இடறும்.

சரி, எதற்கு மூன்று? யார் கேட்டாலும் நெல்வின் ஒரே பதில்தான் சொல்வார். "ஸ்டைலுக்குத்தாண்ணே, வேற இன்னா!" நானே அவரைத் தனியாக நிறுத்திக் கேட்டிருக்கிறேன், என்னிடமும் அதே பதில்தான். ஒரு கிடார் கழுத்தில் ஃப்ரெட் கட்டங்கள் இல்லாதது, விரல் வழுக்கிப் போகும் மெதுவான பாட்டுகளுக்கு. ஒன்று சாதாரணச் சுருதி, எங்கள் பாடகி நந்தினிக்கு. மூன்றாவது? அதன் தந்திகளை அரைக் கட்டை இறக்கி வைத்திருந்தார். அது யாருக்கு? எனக்கு! சில வருஷங்களாக என் தொண்டைக்குப் பழைய உயரம் எட்டுவதில்லை. வசந்த் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தி இறக்கிக்கொள்வான். கிடாரில் பொத்தான் கிடையாது. விரலைத் தள்ளி வைத்தும் வாசிக்கலாம், ஆனால் அடித்தந்தியின் அந்த முழக்கம் வராது. என் பாட்டில் அந்த முழக்கம் குறையக் கூடாது, என் குரல் இறங்கியதும் வெளியே தெரியக் கூடாது என்று ஒரு கிடாரையே தனியாகச் சுமந்தார். ஊர் சிரித்தபோது, ஸ்டைல் காட்டுகிறவன் என்ற பெயரைத் தானே வாங்கிக்கொண்டார். என்னிடம் கச்சேரி பேசி முடிக்கிறவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். என் குரல் இறங்கிவிட்டது. தெரிந்துகொள்ளுங்கள். இனிமேல் மறைத்து யாருக்கு லாபம்?

இதை நான் தெரிந்துகொண்டது ஒரு தப்பால். பள்ளிகொண்டாவில் ஒரு ரிசப்ஷன். அடையாளத்துக்கு நந்தினியின் கிடாருக்குச் சிவப்புத் தோள்பட்டை, என்னுடையதற்குக் கறுப்புத் தோள்பட்டை போட்டிருப்பார். சிவப்பு அறுந்துபோனதால் அந்த வாரம் இரண்டுக்கும் ஒரே கறுப்புத் தோலில் தைத்து மாட்டியிருந்தார். மெதுவான பாட்டு முடிந்து என் பாட்டு ஆரம்பம். அவசரத்தில் நந்தினியின் கிடாரை எடுத்துவிட்டார். நான் ஒரு சுருதி, பேஸ் ஒரு சுருதி. பந்தியில் இருந்தவர்கள் பிரியாணித் தட்டை விட்டு நிமிர்ந்து பார்த்தார்கள்! நெல்வின் என் காதருகே வந்து சொன்னார்: "ஜோடி மாறிடுச்சுண்ணே!" பெட்டிக்குள் இரண்டு இடது கால் போய்விட்டால் பேக்கிங்கில் சொல்கிற அதே வார்த்தை. சரணம் வருவதற்குள் சரியான கிடார் அவர் தோளில் இருந்தது. அப்போதுதான் அது எனக்காகவே சுமக்கிற கிடார் என்று புரிந்தது.

அந்த அபசுரத்தை வீடியோ எடுத்து, சிரிப்பு பொம்மை போட்டு ஊரெல்லாம் அனுப்பியவர்கள் யார்? ட்ராக் என்று சொன்ன அதே ஆட்கள்! இப்போது நான் கேட்கிறேன். ட்ராக்கில் ஓடியிருந்தால் அந்தத் தப்பு எங்கிருந்து வந்தது? பதிவு செய்து வைத்த பேஸ் ஜோடி மாறுமா? கை மாறியதால்தானே சுருதி மாறியது? அவரைக் கேவலப்படுத்த நீங்கள் பரப்பிய வீடியோதான் ஐயா, அவர் வாசித்தார் என்பதற்குச் சாட்சி! இதுவரைக்கும் அழிக்காமல் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அழிக்காதீர்கள்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இந்த மேடையில் எல்லாரும் சொன்னார்கள். எப்படித் தொடரப் போகிறோம் என்று நான் சொல்கிறேன். டிசம்பரில் இதே மண்டபத்துத் திடலில் கிறிஸ்துமஸ் கச்சேரி. நெல்வினின் மூன்று கிடாரும் மேடையில் நிற்கும். தம்பி அஃப்ரோஸ் வாசிப்பார். நல்ல கை, ஆனால் நெல்வின் இல்லை. கிடார் மாற்றும்போது அவருக்கு பேஸ் நின்றுபோகும். நிற்கட்டும்! வசந்த், நீ கீபோர்டில் நிரப்பக் கூடாது. டிரம்ஸ் அடிக்கக் கூடாது. நானும் பாடாமல் காத்திருப்பேன். நெல்வின் கை இத்தனை நாள் நிரப்பிவந்த அந்த வெற்றிடத்தைத் திடல் முழுக்கக் கேட்க வேண்டும்.

தங்கச்சி கேத்தரின், அன்றைக்கு மட்டும் ஷிப்டை மாற்றிக்கொண்டு வாருங்கள். பேஸ் நிற்கிற அந்த நேரத்தைக் காதால் கேளுங்கள். கேட்டுவிட்டு, நெல்வின் நிஜமாகவே வாசித்தாரா என்று நீங்கள் எங்களுக்குச் சொல்லுங்கள்.